கிளாஸ்கோ சப்வேயை வைத்து ஒரு ரீல்: 32 பாருக்குள் அடக்க முடியுமா?

வடகரை (கேள்வி)

கிளாஸ்கோ சப்வேயை (நகரின் சுரங்க ரயிலை) வைத்து ஒரு ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் (ஜோடிகள் குழுவாக ஆடும் நடனம்) அமைத்துக்கொண்டிருக்கிறேன். கிளைகளே இல்லாத ஒற்றை வட்டம் என்பதால் நடனத்துக்கு இதைவிடத் தோதான ரயில் கிடைக்காது என்று நினைத்தேன். சுற்றளவு சுமார் 10.5 கி.மீ. வெளிவட்ட ரயில்கள் கடிகாரச் சுற்றில் போகும், உள்வட்ட ரயில்கள் அதற்கு எதிராக வரும். நிலையங்கள் 15: கிளைடு ஆற்றின் வடகரையில் 8, தென்கரையில் 7. ஆற்றுக்கு அடியில் பாதை போகும் இடங்கள் இரண்டு: கிழக்கே செயின்ட் ஈனக்குக்கும் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே, மேற்கே கோவனுக்கும் பார்ட்டிக்குக்கும் நடுவே.

நீள செட் (ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை), 4 ஜோடி, ரீல் (வேகமான நடன இசை), 8 × 32 (32 பார், அதாவது 32 தாள அளவு, எட்டு முறை) என்று வைத்துக்கொண்டு எழுதியது இது:

1–8: எட்டுப் பேரும் கை கோத்து இடப்பக்கம் வட்டம், பிறகு வலப்பக்கம்.
9–16: பெண்கள் செட்டுக்கு வெளியே கடிகாரச் சுற்றில் முழுச் சேஸ் (ஒருவர் பின் ஒருவராகப் போவது). ஆண்கள் நால்வரும் நடுவில் இடக்கை ஹேண்ட்ஸ் அக்ராஸ் (மையத்தில் கை கோத்துச் சக்கரமாகச் சுற்றுவது).
17–24: அதையே ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே.
25–32: 2, 3, 4 ஜோடிகள் ஆர்ச் (கோத்த கையை உயர்த்திய வளைவு) பிடிக்க, 1-ஆம் ஜோடி அடியில் புகுந்து கடைசி இடத்துக்கு.

ஆடிப் பார்த்தால் 16-ஆவது பாரில் பெண்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறார்கள். ஆண்கள் சுற்றி முடித்துவிட்டு நிற்கிறார்கள். 25-இல் ஆர்ச் தாறுமாறாகிறது. 15 நிலையங்களை எங்கே காட்டுவது என்பதும் பிடிபடவில்லை. எதை மாற்றலாம்?

நான்காம்ஜோடி

முதலில் நீள செட்டை விடுங்கள். நான்கு ஜோடி நீள செட்டை வெளியே முழுக்கச் சுற்ற ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். ரீல் வேகத்தில் 32 பார் சுமார் 34, 35 நொடி. அப்படியென்றால் 8 பாருக்கு 9 நொடிகூட இல்லை. ஒரு ஸ்கிப் சேஞ்சில் (பாருக்கு ஒன்றாக வரும் துள்ளல் எட்டில்) 1.7 மீட்டருக்கு மேல் தாவினால்தான் வீடு (தொடங்கிய இடம்) வந்து சேரலாம். அது ஓட்டம், நடனம் இல்லை. அது போக, நீள செட்டுக்கு நடு என்று ஒன்று கிடையாது. நால்வர் கை கோக்க ஆண்கள் அத்தனை பேரும் வரிசையை விட்டு வர வேண்டும். 1-ஆம் ஆணும் 4-ஆம் ஆணும் வந்து சேரவே இரண்டு பார் போய்விடும்.

சதுர செட்டுக்கு (பக்கத்துக்கு ஒரு ஜோடி) மாறுங்கள். எதிரெதிர் ஜோடிகளுக்கு நடுவே 3 மீட்டர் போதும், அதற்கு மேல் வேண்டாம். வெளியே ஓடுகிறவர் மையத்திலிருந்து 1.8 மீட்டர் தள்ளிப் போகிறார் என்று வைத்தால் அரைச் சுற்று 5.7 மீட்டருக்குள் அடங்கும், 4 பாருக்கு அது வசதி. செட்டை 4 மீட்டருக்கு விரித்தால் அதே அரைச் சுற்று 7 மீட்டரைத் தாண்டும், பழைய கதைதான். பெரிய கூடமாக இருந்தால் ஆட்கள் தானாகவே பின்னால் நகர்ந்து நிற்பார்கள். தொடங்கும் முன் கை கோத்து வட்டம் போடச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். நேராக நீண்டிருந்தால் செட் பெரிதாகிவிட்டது என்று பொருள்.

அடுத்தது, முழுச் சுற்று எதற்கு? அரைச் சுற்று போதும். 9–12 இல் பெண்கள் வெளியே கடிகாரச் சுற்றில் அரைச் சேஸ், ஆண்கள் இடக்கை அக்ராஸ் அரைச் சுற்று. இடக்கை என்பதால் சக்கரம் எதிர்ச்சுற்றில் போகும், அதை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். 12-ஆவது பார் முடியும்போது ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்தில் தன் துணையின் முன்னால் வந்து நிற்பார்கள். எதிரெதிராகப் புறப்பட்ட இரண்டு ரயிலும் ஒரே நிலையத்துக்கு வந்த மாதிரி. 13–16 துணையோடு வலக்கைத் திருப்பம் ஒரு சுற்று. 17–20 ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே, மறுபடி அரைச் சுற்று. 21–24 வலக்கைத் திருப்பம் ஒன்றரைச் சுற்று, வீடு.

ஆண்கள் காத்து நிற்கும் சிக்கலும் இதில் தீர்கிறது. நால்வர் ஹேண்ட்ஸ் அக்ராஸ் 4 பாரில் முழுச் சுற்றே வந்துவிடும். அரைச் சுற்றுக்கு 4 பார் இருந்தால் உள்ளே வர ஒரு பார், சுற்ற இரண்டு, வெளியேற ஒன்று என்று இயல்பாகப் பங்கிடலாம்.

25–32க்கு ஆர்ச்சை எடுத்துவிட்டு அரை கிராண்ட் செயின் (வலக்கை, இடக்கை என்று மாற்றிக் கொடுத்து எதிரே வருகிறவர்களைக் கடந்து போவது) வையுங்கள். ஒரு கைக்கு 2 பார் வீதம் நான்கு கை, எதிர்ப்பக்கத்தில் முடியும். இரண்டு முறை ஆடினால் எல்லோரும் வீடு. செயினில் ஆண்கள் எதிர்ச்சுற்றிலும் பெண்கள் கடிகாரச் சுற்றிலும் போவதால் உங்கள் இரண்டு வட்டமும் தானாக வந்துவிடுகிறது.

தாளக்கட்டு

சதுர செட், அரைச் சுற்று இரண்டும் சரி. கிராண்ட் செயினில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. செயினில் இரண்டு ஓட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னும். இந்த ரயிலில் பின்னாத ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த இரண்டு சுரங்கம்தான். 1896-இல் திறந்தபோது இரண்டு பாதைக்கும் நடுவே தண்டவாள இணைப்பே கிடையாது. பெட்டியை எடுக்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் கோவன் பணிமனையில் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். 1977-இல் மூடிப் புதுப்பித்து 1980-இல் மறுபடி ஓட்டும் வரை அதுதான் நிலைமை. 9–20 இல் உள்ளே ஒரு சக்கரம், வெளியே ஒரு சக்கரம் என்று துல்லியமாகக் காட்டிவிட்டு, அடுத்த நிமிடமே இரண்டையும் பின்னினால் காட்டியது கலைந்துபோகும். செயின் ஆட இனிமையானது, மறுக்கவில்லை. ஆனால் அது எந்தச் சதுர நடனத்திலும் வரும்.

15 நிலையங்களைப் பற்றி: 16 பார் வாக்கியத்தில் 15 அசைவு வைத்து ஒன்றைக் காலியாக விடுவது போன்ற வேலை வேண்டாம். பார்க்கிறவர் எண்ணமாட்டார், ஆடுகிறவர் தடுமாறுவார். ஆனால் உங்கள் முதல் 8 பாரிலேயே 15 ஒளிந்திருக்கிறது. ஸ்லிப் ஸ்டெப் (வட்டத்தில் பக்கவாட்டில் வைக்கும் எட்டு) பாருக்கு இரண்டு. இடப்பக்கம் 4 பார், வலப்பக்கம் 4 பார், ஆக ஆளுக்கு 16. இடப்பக்கம் போகும்போது இடக்கால் விரிந்து வலக்கால் வந்து சேரும், எடை வலக்காலில் இருக்கும். அப்படியே 8 முழு ஸ்லிப்பும் போட்டால் கடைசியில் இடக்கால்தான் விடுதலையாக இருக்கும். திரும்பி வலப்பக்கம் போக வலக்கால் வேண்டும். அதனால் எட்டாவதை முழுதாகப் போடக் கூடாது: இடக்காலை வைத்து ஊன்றி நிறுத்தி அங்கிருந்தே திரும்ப வேண்டும். ஆக இடப்பக்கம் 7 முழு ஸ்லிப். வலப்பக்கம் அந்தத் தொல்லை இல்லை. 8 முழு ஸ்லிப் முடிந்ததும் வலக்கால் விடுதலை, அடுத்து வரும் ஸ்கிப் சேஞ்சுக்கும் அதுதான் வேண்டும். 7 தென்கரை, 8 வடகரை. கணக்கைத் தேடி யாரும் எதையும் திரிக்கவில்லை, காலே கொடுக்கிறது.

வட்டம் எப்போதும் சொதப்புவதும் இந்த 4-ஆவது பாரில்தான். எட்டுப் பேரில் ஒருவர் எட்டாவது ஸ்லிப்பை முழுதாகப் போட்டாலும் வட்டம் ஒரு பக்கம் இழுபடும், 8-ஆவது பாரில் எல்லோரும் தன் இடத்துக்கு அரை அடி தள்ளி நிற்பார்கள்.

பா_டி_பாஸ்க்

நான்காம்ஜோடியின் 21–24 ஒன்றரைச் சுற்று எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சதுர செட்டில் பெண் துணையின் வலப்புறம் நிற்பார். 9-இல் ஆண் எதிர்ச்சுற்றில் உள்ளே போகும்போது தன் துணையின் முன்னால் கடந்து போகிறார், அவர் இவருடைய முதுகுப்புறமாக வெளியே போகிறார். கடந்துபோவது தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால் மறுபக்கம் சேரும்போது இருவரும் சரியான பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒரு முழுத் திருப்பம் போதும். 17-இல் நேர்மாறு. புறப்படும்போது ஆண் இடப்பக்கமாக வெளியே விலகுகிறார், கடப்பது எதுவும் இல்லை. கடப்பு கடைசியில் மிச்சமிருக்கிறது. வீட்டில் வந்து சந்திக்கும்போது இடம் மாறித்தான் நிற்பார்கள். அதற்குத்தான் அந்த அரை.

4 பாரில் வலக்கை ஒன்றரைச் சுற்று ரீலில் வழக்கமாக வருவதுதான். ஆனால் இங்கே அது முடிந்த கையோடு அடுத்த உருவம் காத்திருக்கிறது. கைப்பிடி தளர்ந்தால் ஒன்றேகாலில் நின்றுவிடும், 25-ஐ எல்லோரும் தாமதமாகவே தொடங்குவார்கள். என் பரிந்துரை: 21–22 துணையைப் பார்த்துச் செட்டிங் (நின்ற இடத்திலேயே எட்டு வைத்து ஆடுவது), 23–24 வலக்கை அரைத் திருப்பம், கை விட்டு உள்நோக்கி முகம். அரைத் திருப்பத்துக்கு 2 பார் தாராளம். செட்டிங்கின் இரண்டு பா டி பாஸ்க் எட்டுகளில் நடனம் முழுவதும் முதல் முறையாக நின்ற இடத்தில் ஆடும். ஓடி வந்த ரயில் நிலையத்தில் நின்றதாகத்தான் தெரியும், அதற்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

51-ஆம் டிவிஷன் ரீல் என்ற நடனத்தை நினைத்துப் பாருங்கள். 1940-இல் பிரான்ஸின் செயின்ட் வலேரியில் பிடிபட்ட ஹைலண்ட் படையினர் போர்க் கைதிகளாக லாஃபன் முகாமில் இருந்தபோது அமைத்தது. அதில் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை (ஸ்காட்லாந்துக் கொடியின் X வடிவம்) பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், மூலைக்கு மூலை வரிசையாகக் கை கோத்து அந்த வடிவத்திலேயே நின்று செட்டிங் செய்வதுதான். ஓடிக்கொண்டே வடிவம் போட்டால் ஆடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

9-இல் தவறு நடக்கும் இடம்: பெண் அவசரப்பட்டுத் துணை கிளம்பும் முன்னே கிளம்பினால் இருவரும் தோளில் மோதுவார்கள். ஆண் முதல் எட்டை நேராக மையத்தை நோக்கி வைக்க வேண்டும், பெண் அந்த முதல் பாரில் இடப்பக்கம் திரும்பி அவர் விட்ட இடத்தின் பின்னால் வளைய வேண்டும். சக்கரத்தில் 1-உம் 3-உம் ஒரு ஜோடிக் கை, 2-உம் 4-உம் இன்னொரு ஜோடிக் கை, கைகுலுக்கும் பிடி. மணிக்கட்டைப் பிடிக்க வேண்டாம், விடும்போது இழுபடும்.

உள்ளே இருப்பவர் ஒரு பாருக்குப் போகும் தூரம் வெளியே இருப்பவருடையதில் பாதிகூட இல்லை. தாளம் ஒன்றுதான், எட்டின் நீளம்தான் வேறு. உள்ளே இருப்பவர் முழு எட்டு வைத்தால் முக்கால் சுற்று போய்விட்டு, எங்கே வெளியேறுவது என்று தேடுவார்.

தாளக்கட்டு

செட்டிங் நல்ல யோசனை, ஒன்றரையைவிட அதுவே மேல். இப்போது ஆற்றுக்கு வருகிறேன். ஆர்ச்சை எடுத்துவிட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும்.

கூடத்தின் மேல்பக்கத்தை, அதாவது இசைக்கு முதுகு காட்டி 1-ஆம் ஜோடி நிற்கும் பக்கத்தை, வடக்கு என்று வையுங்கள். ஜோடிகள் கடிகாரச் சுற்றில் எண்ணப்படுவதால் 2 கிழக்கு, 3 தெற்கு, 4 மேற்கு. கிளைடு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஆகவே 2-உம் 4-உம் ஆற்றின் மேலேயே நிற்கிறார்கள்: 2 நிற்பது செயின்ட் ஈனக் – பிரிட்ஜ் ஸ்ட்ரீட் கடவில், 4 நிற்பது கோவன் – பார்ட்டிக் கடவில். ஆர்ச் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

25–26: 1-உம் 3-உம் பக்கத்துக் கை பிடித்து மையத்துக்கு முன்னேறுவார்கள். 26 முடியும்போது துணையின் கையை விட்டு எதிரே வந்தவரின் கையைப் பிடிக்க வேண்டும். ஆண்கள் இடப்பக்கம் திரும்புவார்கள், பெண்கள் வலப்பக்கம். 27–28: அந்தப் புது ஜோடிகள் பக்கவாட்டில் வெளியேறுவார்கள். 1-ஆம் ஆணும் 3-ஆம் பெண்ணும் 2-இன் ஆர்ச்சுக்கு அடியில், 1-ஆம் பெண்ணும் 3-ஆம் ஆணும் 4-இன் ஆர்ச்சுக்கு அடியில். 29–32: கை விட்டுப் பிரிந்து, ஆர்ச் பிடித்தவர்களை வெளியே சுற்றி காஸ்ட் செய்து (வெளிப்புறமாகத் திரும்பி வளைந்து) வீட்டுக்கு.

அடுத்த முறை 2-உம் 4-உம் உள்ளே வருவார்கள், 1-உம் 3-உம் ஆர்ச். அப்போது ஆறு வடக்கிலும் தெற்கிலும் போய்விடும், வரைபடப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். எப்போதும் 1, 3 மட்டுமே ஆடினால் மற்ற இரண்டு ஜோடி முழு நடனத்திலும் தூண்களாகவே நிற்பார்கள், அது இன்னும் மோசம். 4 × 32.

உங்கள் பழைய ஆர்ச் தாறுமாறானதற்குக் காரணம், ஒரே ஜோடி மூன்று ஆர்ச்சுக்கு அடியில் குனிந்தபடியே போக வேண்டியிருந்ததுதான். குனிந்துகொண்டு ஸ்கிப் சேஞ்ச் வராது. இங்கே ஒரே ஒரு ஆர்ச், இரண்டே பார்.

வடகரை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஆர்ச்சுக்கு அடியில் இருவர் பக்கம் பக்கமாகப் போக இடம் இருக்குமா? வெளிவட்டத்துக்கு ஆரஞ்சு, உள்வட்டத்துக்குச் சாம்பல் என்று நிறப் பட்டை கட்டினால் பார்க்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்குமா?

நான்காம்ஜோடி

பட்டை வேண்டாம். 9–12 இல் பெண்கள் வெளிவட்டம், 17–20 இல் ஆண்கள் வெளிவட்டம். ஆரஞ்சு கட்டியவர் பாதி நேரம் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருப்பார்.

ஆர்ச் விஷயம்: ஜோடி சாதாரணமாக நிற்கும் இடைவெளியில் இருவர் நுழைய முடியாது. 2-உம் 4-உம் 26-ஆவது பாரில் ஆளுக்கு ஓர் எட்டு பக்கவாட்டில் விலகி, பக்கத்துக் கையை உயர்த்த வேண்டும். 25-இலேயே தூக்கினால் கை தளர்ந்து 28-இல் இறங்கிவிடும். 27-இல் தூக்கினால் வருகிறவர் முகத்தில் படும். அடியில் போகிறவர்கள் கோத்த கையைத் தாழ்த்தி, தோளோடு தோள் நெருங்கிப் போக வேண்டும். ஆர்ச்சைத் தாண்டிய உடனே கை விட வேண்டும், ஒரு எட்டு தாமதித்தால் காஸ்ட் வளைவு கோணலாகும். உயரமானவர் அடியில் போகும்போது குட்டையான ஜோடி ஆர்ச் பிடிக்க நேர்ந்தால் விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டால் கொஞ்சம் உயரம் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் கை கோக்காமல் இருவரும் விலகி நின்று வழி விடட்டும். அழகு குறையும், இடுப்பு பிழைக்கும்.

காஸ்டை நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். மூலையைச் சுற்றி வீட்டுக்கு 3 மீட்டர்கூட இல்லை, 4 பார் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் ஒரு பார் முன்னதாகவே வந்து நிற்பார்கள். அகலமாக வளையட்டும்.

பா_டி_பாஸ்க்

இசை ரீலாகவே இருக்கட்டும், ஜிக் வேண்டாம். ஜிக்கின் 6/8 தாளத் துள்ளலில் சேஸ் எட்டுகள் குறுகிப்போகும், வெளியே ஓடுகிறவர்கள் மறுபடி தாமதமாவார்கள். 4 × 32 பதிவுகள் சதுர நடனங்களுக்கென்றே கிடைக்கின்றன, 8 × 32 பதிவைப் பாதியில் வெட்ட வேண்டாம், கடைசி ஒலி போய்விடும்.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது 1-இலிருந்து தொடங்காதீர்கள். 9–12 ஐயும் 17–20 ஐயும் முதலில் நடந்து பார்க்க வையுங்கள். சேரும் இடத்தில் யார் எந்தப் பக்கம் என்று புரிந்தால் மற்றது தானாக வரும். பிறகு 23–26 ஐத் தனியாக: அரைத் திருப்பத்தில் வலக்கையில் வலக்கை, அதை விட்டு ஆணின் வலக்கை பெண்ணின் இடக்கை, இரண்டு பார் கழித்து அதையும் விட்டு எதிரே இருப்பவரின் கை. 4 பாருக்குள் மூன்று பிடி மாறுகிறது. கையை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

32-ஆவது பாரில் ஆர்ச் பிடித்தவர்கள் தூங்கிவிடக் கூடாது. 29-இல் கையை இறக்கி, விலகிய எட்டைத் திரும்ப உள்ளே வைத்து, காஸ்ட் செய்து வருகிறவர்களுக்காக இரண்டு பக்கமும் கை நீட்டித் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் வந்ததும் கை கோத்து உடனே இடப்பக்கம், இடக்காலில். நான்காவது முறை முடியும்போது மட்டும் மறுபடி வட்டம் இல்லை, துணையைப் பார்த்து வணக்கம்.